உப்பளத்துக் கல்லில் உப்பு எவ்வளவு?

என் முப்பது வருட லேப் வேலையில் நான் செய்த பெரிய தவறு ஒரே ஒரு வரி. "சோடியம் அளவு சாதாரணப் பாறையை ஒத்திருக்கிறது" என்று ரிப்போர்ட்டில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாகவில்லை.

கல்லைக் கண்டெடுத்தவர் சுடலைமுத்து, உப்பளத் தொழிலாளி. பட்டப்பகலில் இடிபோலச் சத்தத்தோடு வானத்திலிருந்து வரப்பில் விழுந்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மறுவருடம் காய்ச்சலில் இறந்துபோனார். கல் அவர் மனைவி பேச்சியம்மாளிடம் இருந்தது. கேள்விப்பட்டு வந்த சென்னைப் பேராசிரியர் ஒருவர், ஓரத்தில் சில்லு பெயர்த்து சுடரின் ஒளியை வைத்துச் சோடியத்தை அளக்கும் எங்கள் ஃபிளேம் போட்டோமீட்டரில் பார்க்கக் கொடுத்தார். அவர் சந்தேகப்பட்ட வகை விண்கல்லில் சோடியம் மிகக் குறைவாக இருக்குமாம். சாதாரணக் கல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்; எதிர்பார்த்த எண்ணே வந்தது. என் ரிப்போர்ட்டுக்குப் பிறகு அது வெறும் ஊர்க்கல் ஆனது.

பத்து நாள் கழித்து, மிச்சத் துணுக்கு ஊறிக்கிடந்த டிஸ்டில்டு வாட்டரை எதற்கோ கருவியில் விட்டேன். சோடியத்தின் மஞ்சளில் சுடர் பொங்கியது. கல் கரையவில்லை. அதன்மேல் படிந்திருந்த உப்புதான் கரைந்திருந்தது. ஒரு வருடம் உப்பளக் குடிசையில் கிடந்த கல்லை நான் கழுவாமலே அளந்திருக்கிறேன்.

லேப் மேனேஜர் ஞானதுரையிடம் சொன்னேன்.

"ஏலே, ரிப்போர்ட்டு போயாச்சு. இப்போ தப்புன்னு எழுதுனா ஒன் கன்ஃபர்மேஷன் என்னாவும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். மூன்றாம் நாள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். உப்பு படியாத நடுப்பகுதி வேண்டும், கல்லை உடைக்க வேண்டும் என்றேன்.

"நீங்க எழுதுன சீட்டுனாலதான் எங்க வீட்டாளு பொய் சொன்னாவன்னு ஊரே சிரிக்கு. இப்போ கல்லையும் உடைக்கணுமாக்கும்?"

"தப்பு எம் மேலதான்க்கா. அவரு சொன்னது நெசமா இருக்கலாம்."

பேச்சியம்மாள் எழுந்து உள்ளே போனாள். பிறகு சுத்தியலை எடுத்து வந்தாள். "நானே உடைக்கேன்" என்றாள். மூன்றாவது அடியில் பிளந்தது.

இந்த முறை கல் சேராத வெறும் அமிலத்தை முதலில் பிளாங்க் ஓட்டி, அதில் சோடியம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். நடுக்கல்லின் தூளைக் கரைத்து மூன்று தடவை அளந்தேன். கால்சியம் சாதாரணப் பாறையில் இருப்பதைவிடக் குறையவில்லை. சோடியமும் பொட்டாசியமும் பெயருக்குத்தான் இருந்தன. பேராசிரியர் மற்றச் சோதனைகளையும் செய்து, விண்கல்தான் என்று எழுதினார்.

அந்தக் கடிதத்தைப் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"பூமி உண்டான காலத்துல உண்டான ஒரு சின்னக் கிரகத்தோட துண்டுக்கா இது. அப்போ பாறையே உருகுத சூடு. அந்தச் சூட்டுல சோடியம், பொட்டாசியமெல்லாம் ஆவியாப் போயிரும். கால்சியம் போகாது."

"தண்ணி போயி உப்பு தங்குத மாதிரியா?"

"ஆமாக்கா. அங்கன உப்பே போயிருச்சு."

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் கடைசிவரை பார்த்தாள். "இத எங்க தெருவுல வந்து ஒருக்கா படிங்க சார்," என்றாள். போய்ப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

என் கன்ஃபர்மேஷன் ஒரு வருடம் தள்ளிப்போனது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எதிர்பார்த்த எண்ணே வந்தால் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அந்த எண்ணில் யாரோ ஒருவருடைய வார்த்தை மாட்டிக்கொண்டிருக்கலாம்.