வலது கன்னமும் மூன்று ரைஃபிள்களும்

எங்கள் கிளப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிள்கள் மூன்றுதான் மீதம் இருந்தன. இந்த ஊரில் நினைத்தபோது கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிவர முடியாது. கிளப்பில் இருப்பதில் ஒன்றைப் பொறுக்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால், வருஷம் முழுக்க அதனோடுதான் குடித்தனம். பெண்கள் அணியில் ஓரிடம் காலியாக இருந்தது. ஆற்றங்கரையில், போட்டாதாங்கில் ஒரு சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் தட்டச்சு செய்யும் எனக்கு, நாற்பத்திரண்டு வயதில், அந்த இடம் வேண்டியிருந்தது. ஆசை என்று சொன்னால் பொய். வெறி.

போட்டிக்கு ஒருத்திதான். அக்கரை டாலாவிலிருந்து படகேறி வரும் தமிழ்ப் பெண், தையல்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவள் முந்தின வாரமே தன் ரைஃபிளை எடுத்துவிட்டாள்.

நான் ஒரு மாதமாகப் படித்து வைத்திருந்தேன். விசை எவ்வளவு இலேசாக இருக்க வேண்டும், கட்டை தோளில் எப்படி உட்கார வேண்டும், ஒவ்வொரு ரைஃபிளும் எப்படி ஏதோ ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டும் மசியும் என்றெல்லாம். முதல் ரைஃபிளைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. அவ்வளவு பளபளப்பு.

ஐம்பது மீட்டர். படுத்துச் சுட வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. பளபளப்புக்காரி ஐந்தையும் ஐந்து திசைக்கு அனுப்பினாள். "விசை கனமா இருக்கு சயா," என்று பயிற்சியாளரிடம் சிடுசிடுத்தேன். இரண்டாவது சாதுவான பழுப்பு நிற ரைஃபிள், அதுவும் சிதறியது. குறிபார்க்கும் வளையம் கோணல் என்றேன். மூன்றாவது கிழட்டு ரைஃபிள், கன்னம் வைக்கும் கட்டையில் விரிசல் கண்டு துணி சுற்றியிருந்தது. அதில் ஐந்தும் நெருங்கி விழுந்தன. ஆனால் தூக்கினால் இரும்புப் பெட்டி. நின்று சுடும் சுற்றில் அந்தக் கனம் என் கைக்கு ஆகாது என்று தெரிந்தே பேனாவை எடுத்தேன்.

"அக்கா, கையெழுத்து போடாதீங்க. இங்க வந்து பாருங்க," என்றாள் பின்னால் நின்ற அந்தத் தையல்காரி.

முதல் இரண்டு ரைஃபிள்களின் கட்டையிலும் வெள்ளையாக ஏதோ இழுபட்டிருந்தது. என் கன்னத்துத் தனாக்கா, வெயிலுக்கு இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து.

"வேர்வைல அது வழுக்குதுக்கா. கன்னம் நகர்ந்தா கண்ணும் நகருது. மூணாவதுல துணி இருக்கு, அதான் நின்னுச்சு. பாவம், ரைஃபிள் மேல பழி போடுறீங்க."

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூக்கிலும் இடது கன்னத்திலும் தனாக்கா, வலது கன்னம் வெறுமை. அவசரத்தில் பாதி முகத்தோடு படகேறுகிறாள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யாருக்கா சொல்றது? கடிக்க வர்றீங்க."

சயா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். குழாயடியில் முகத்தை அலம்பிவிட்டு மறுபடி மூன்றையும் சுட்டேன். பளபளப்புக்காரி பரவாயில்லை. பழுப்பு ரைஃபிளின் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டன. நின்று பிடித்தாலும் கை நடுங்கவில்லை. அதற்கே கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் தேர்வு. ஒரே ஒரு புள்ளியில் நான் ஜெயித்தேன்.

சந்தோஷப்பட முடியவில்லை. அவள் தான் படுத்துச் சுட்ட பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "அன்னைக்கு நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா இந்த இடம் உனக்குத்தான்," என்றேன்.

"தெரியும்க்கா. வீட்டுக்குப் போயி எனக்குத் தூக்கமே வரல, ஏன் சொன்னோம்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்து, "யாபாடே, பரவால்ல," என்றாள். "அடுத்த வருஷம் உங்களத் தோக்கடிக்கப் போறேன். அதுக்கு நீங்க நல்லா சுடணும். சும்மா தோத்துப்போறவங்கள ஜெயிச்சு என்ன பண்ண?"

சுருட்டிய பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, "படுங்க, இன்னும் பத்து தோட்டா இருக்கு," என்றாள்.