கீபோர்டில் இருப்பவரிடம் பேசக் கூடாது

அவனை எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பெயர், வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. ப்ரோகிராம் எழுதும் போட்டிகளில் விடை தவறு என்று திரும்பி வந்தால் மற்றவர்கள் மேசையைக் குத்துவார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பான். பெரிய மூளைக்காரன் என்று சொல்ல முடியாது. வாராவாரம் இணையத்தில் நடக்கும் போட்டிகளில் அவன் இடம் எப்போதும் நடுவில் எங்கேயோ இருக்கும். ஆனால் போட்டி முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும், வராத கணக்கோடு உட்கார்ந்து அதை வரவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அந்த விடாமுயற்சி உண்மையானது. அவனுடைய அமைதியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

கல்லூரிப் போட்டிகளில் மூன்று பேர் ஓர் அணி, மூவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசிக்க வேண்டும். அவன் அணியில் ஒருத்தி அவனுடைய பெரியம்மா மகள், அதே கல்லூரியில் மேல்படிப்பு படித்த அக்கா. மூன்றாமவன் வாய் ஓயாத நண்பன், பெயர் ஸ்பீக்கர். யாராவது தட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நின்று, "அங்க கமா போடு, இங்க ஏன் இவ்ளோ இடம், அட அது இல்லப்பா" என்று கிரிக்கெட் வர்ணனை போல ஓட்டுவான். ஒரு போட்டி அதனாலேயே பாழானது. அதற்குப் பிறகு ஐஸ் ஒரு விதி போட்டான்: கீபோர்டில் இருப்பவரிடம், அவர் விடையை அனுப்பி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. தன் வாயில் பிளாஸ்திரி ஒட்டிவிடும்படி ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டான். விதி நன்றாகவே வேலை செய்தது.

அக்காவுக்கு அது கடைசி வருடம். இரண்டு முறை இறுதிச் சுற்றின் வாசல்வரை போய்த் திரும்பியவள். மூன்றாவது முறையும் நழுவினால், அடுத்த வருடம் கலந்துகொள்ள வயது இடம் தராது. ஒரு வேலையை ஒத்திப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இறுதிச் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. போட்டு முடித்த ஒவ்வொரு கணக்குக்கும் அணியின் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். கடைசி ஒரு மணி நேரம் மதிப்பெண் பலகையை நிறுத்திவிடுவதால், யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆறு பலூன்கள் பறந்துகொண்டிருந்தபோது ஏழாவது கணக்கை அக்கா தட்ட உட்கார்ந்தாள். வழி அவள் கண்டுபிடித்ததுதான், நல்ல வழி.

ஐஸ் பக்கத்து நாற்காலியில் இருந்தான். இரண்டு லட்சம் எண்கள் வரலாம் என்று கேள்வித்தாளில் இருந்தது. ப்ரோகிராமில் அவள் ஒரு லட்சம் எண்களுக்குத்தான் இடம் ஒதுக்கினாள்; அதற்கு மேல் வந்தால் விடை தவறாகிவிடும். அந்த வரியை அவள் அடிக்கும்போதே அவன் பார்த்துவிட்டான்.

அவன் பேசவில்லை. அவளே கவனிப்பாள் என்று நினைத்தான். சொன்னால் பதறுவாள் என்றும் நினைத்தான். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அடியில் இன்னொன்றும் இருந்தது. தான் போட்ட விதியைத் தானே உடைப்பவனாக, கடைசி நேரத்தில் குரல் எழுப்புபவனாக இருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய ப்ரோகிராமைவிடத் தன் பெயரைத்தான் அவன் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான்.

அனுப்பும் முன் அக்கா ஒரு முறை அவன் பக்கம் திரும்பினாள். பிறகு அனுப்பினாள். விடை ஏற்கப்படவில்லை. இப்போது பேசலாம் என்பதால் ஐஸ் குனிந்து திரையில் அந்த வரியைக் காட்டினான். திருத்தி அனுப்பியதும் ஏழாவது பலூன் வந்தது.

ஆனால் தவறாக அனுப்பிய ஒவ்வொரு விடைக்கும் அணியின் நேரத்தோடு இருபது நிமிடம் தண்டனையாகச் சேரும்; கணக்குகள் சமமானால் குறைந்த நேரம் எடுத்த அணிதான் முன்னே. பலகையைத் திறந்தபோது, ஏழு கணக்கு போட்ட இன்னோர் அணி பதினோரு நிமிட வித்தியாசத்தில் அவர்களை முந்தியிருந்தது. இறுதிச் சுற்றின் கடைசி இடம் அந்த அணிக்குப் போனது.

ஸ்பீக்கர் அதை ஒரு கதையாக்கினான். தானும் அக்காவும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, ஐஸ் மட்டும் ஒரே பார்வையில் தவறைப் பிடித்தான் என்று போகிற இடமெல்லாம் சொன்னான். ஐஸ் மறுக்கவில்லை. நெருக்கடியில் நிதானமாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று வேலை நேர்காணலில் கேட்டபோது அவனும் அதையே சொன்னான். வேலை கிடைத்தது.

அக்காவும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ப்ரோகிராம் எழுத அல்ல, மற்றவர்கள் எழுதியதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுத. அதையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புவாள். ஏன் என்று யாராவது கேட்டால், தன் கையை நம்பக் கூடாது என்று சிரிப்பாள்.

பல வருடம் கழித்து அவள் வீடு மாறியபோது ஐஸ் உதவிக்குப் போனான். அலமாரிகள் காலியாக இருந்தன. இருவரும் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பேச்சோடு பேச்சாக, அலுவலகத்தில் ப்ரோகிராம் எழுதும் பிரிவுக்கு வரும்படி கூப்பிட்டதாகவும் முந்தின நாள்தான் மறுத்து எழுதிக் கொடுத்ததாகவும் அவள் சொன்னாள். ஏன் என்று கேட்டான்.

"எனக்கு அது சரிப்படாதுடா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே. அனுப்பறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்தேன், ஞாபகமிருக்கா? நீ நிம்மதியா உட்கார்ந்திருந்தே. சரி, தப்பு இருந்தா இவன் இப்படி இருக்க மாட்டான்னு நினைச்சுத்தான் தட்டினேன். அப்பவும் தப்பு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் தவறைத் தான் முன்பே பார்த்துவிட்டதை அவன் சொல்லிவிட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எப்போ பார்த்தே?"

"நீ அடிக்கும்போதே."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கலே?"

"பேசக் கூடாதுன்னு இருந்துச்சே, அக்கா."

"அது ஸ்பீக்கருக்காகப் போட்ட ரூல்டா." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இறுதிச் சுற்று போனா போகட்டும். அந்த ஒரு வரிக்காக இத்தனை வருஷம் நான் ஒரு ப்ரோகிராம்கூட எழுதலே. நீ பக்கத்துல இருந்து அதையும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

அலுவலகத்தில் திரும்பக் கேட்டுப் பார்க்கும்படி மட்டும் அவன் மெதுவாகச் சொன்னான்.

"கேட்டாலும் கேட்பேன்" என்றாள். "ஆனா கேட்டேனா, என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். நீ சும்மா இருந்தே இல்லே, இப்ப நான் இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறாள், புது வீட்டின் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பெரியம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் காத்திருக்கிறான். கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை, அவள் சொல்லவும் இல்லை.