தங்கச்சி குடிக்காத மருந்து

எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது தீபாவளி சீசன் உச்சத்தில். வீட்டுக்காரர் திருத்தங்கல் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறார். அன்றைக்கு வடக்கே போகிற லோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, லோடை மேனேஜரிடம் விட்டுவிட்டு என்னைச் சிவகாசியில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். மத்தியானம் சாப்பிட்டது வயிற்றிலேயே இருந்ததால், சட்டென்று வேலை செய்கிற ஊசி போட்டுத் தொண்டையில் குழாய் வைக்க வேண்டும் என்றார் மயக்க மருந்து டாக்டர். வலியில் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன்.

முழிப்பு வந்தபோது முதலில் கேட்டது ஏசி சத்தம். ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. விரலை அசைக்கப் பார்த்தேன், விரல் இருக்கிற இடம் தெரிந்தது, அசையத்தான் இல்லை. மூச்சுகூட என் வசத்தில் இல்லை. மெஷின் தள்ளினால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று நான் தவித்த நேரத்தில் அது பாட்டுக்கு நின்றுகொண்டது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போல, எரிக்கிற வரைக்கும் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும் போல என்று நினைத்தேன்.

கண்ணோரம் தண்ணீர் வழிவதை அந்த நர்ஸ்தான் பார்த்திருக்கிறாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து என் காதருகே பேசினார்.

"அம்மா, நீங்க முழிச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியுது. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. உடம்பை அசைய விடாம வைக்கிற மருந்து உங்களுக்கு இன்னும் இறங்கல. கட்டாயம் இறங்கிரும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும். நான் இங்கனதான் உக்காந்திருக்கேன். இப்ப உங்களைத் தூங்க வைக்கப் போறேன்."

சொன்னபடியே இருந்தார். பல மணி நேரம் கழித்து என் கை அசைந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தாராம்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்புகிற அன்று விளக்கினார். அந்த ஊசி மருந்தை உடைத்துப்போடுகிற ஒரு நொதி ரத்தத்தில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் உடைந்துவிடும். அதைத் தயாரிப்பது கல்லீரல். என் கல்லீரல் தயாரிப்பது வேலைக்கு ஆவதில்லை, அதற்கான ஜீனில் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. அந்த ஊசியைத் தவிர்த்தால் ஆயுசுக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் தப்பு கல்லீரலில் மட்டும்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகி வந்தது. அதனால் கண், தோல், எலும்பு எங்கே எடுத்தாலும் அதே ஜீன்கள்தான். கருவில் வளரும்போது ஒவ்வொரு செல்லும் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய ஜீன்களைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுகிறது. தோல் செல்லுக்கு இந்த ஜீனால் உபயோகமில்லை, மூடியே கிடக்கும். கல்லீரல் செல் திறக்கிறது, தப்பு அங்கே தெரிகிறது. திரும்பி வரும்போது காரில் என் முழங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கழற்றி வைக்க முடியாத ஒன்று அந்தத் தோலுக்குள்ளும் மூடிக் கிடக்கிறது என்பதை மனசு ஏற்கவில்லை.

எங்கள் அப்பாவுக்கு விருதுநகரில் பருப்பு மண்டி. அம்மா அவருக்குச் சொந்த அத்தை மகள். ஆளுக்கு ஒரு பழுதான பிரதி இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் பாதகமில்லை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தால்தான் இப்படி. என் கூடப் பிறந்தவள் ஒரே தங்கச்சி. அவளுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். தை மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அப்பாவின் தங்கச்சி மகன். எங்களுக்கு அத்தை மகன்.

அப்பாவுக்குத் தெரியாமல் நானும் அவளும் ஊரிலேயே ஒரு லேபுக்குப் போனோம். அந்த ரத்தப் பரிசோதனை பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பையன் தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தான். காட்டு வேலை நடக்கிற ஊர்ப்பக்கம் அந்தப் பரிசோதனை யாருக்குச் செய்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் குடித்தவர்களுக்குத்தான் செய்வார்களாம். மருந்து அந்த நொதியை அமுக்கிவிடும். "எப்ப குடிச்சாக?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். இல்லை, பரம்பரை விஷயம் என்றேன். தலையாட்டினான். நம்பவில்லை.

அவளுக்கும் என்னைப் போலவேதான் வந்தது. ரிசல்ட் கைக்கு வருவதற்குள் செய்தி மண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. கல்யாணம் பிடிக்காமல் சின்னவள் மருந்து குடித்துவிட்டாள் என்று. அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். வெளியே சொல்லி விளங்க வைப்போம் என்றேன். அப்பா எழுந்து உட்கார்ந்து, சொன்னால் வம்சத்துக்கே ரத்தம் சரியில்லை என்பார்கள், உன் மகனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அத்தை காரியாபட்டியிலிருந்து வந்தாள். கல்யாணத்தை நிறுத்தத்தான் வருகிறாள் என்று நினைத்தோம். நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மருந்து குடிச்சான்னே இருக்கட்டும். அறியாத புள்ள, புத்தி கெட்டுப் போச்சு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி திருநீறு போட்டா ஊரு மறந்துரும். நீ சொல்றது அப்படியா? அது எங்க அப்பா அம்மா வழி வந்தது. உங்க வீட்டோட நிக்காது, என் வீட்டுக்குள்ளயும் வரும். என் மகளுக்கு இன்னும் கல்யாணம் முடியல."

"அப்ப நான் குடிக்காததைக் குடிச்சேன்னு இருக்கணுமா?" என்று தங்கச்சி கேட்டாள். மாப்பிள்ளையிடம் அவளே போனில் உண்மையைச் சொன்னாள். அவன் நம்பினான். ஆனால் அம்மா சொல்றபடி இருந்துட்டுப் போகட்டும் என்றான்.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை வீட்டில் அத்தையையும் மாப்பிள்ளையையும் தவிர எல்லோரும் அவளை மருந்து குடித்த பெண்ணாகத்தான் பார்த்தார்கள். மாமனார் பூச்சி மருந்து வைக்கிற அறைக்குப் பூட்டுப் போட்டார், குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நாத்தனார் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பூச்சி மருந்து மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கும், தெளிக்கிற பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பூட்டு ஒருவகையில் நல்லதுதான். அவளிடம் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டேன். "குளிக்கிறப்ப கதவை ஒரு காலால மிதிச்சுக்கிட்டே குளிச்சுப் பாருக்கா" என்றாள். அதற்கப்புறம் நான் ஆறுதல் சொல்வதில்லை.

பிரசவம் மதுரையில். ஆபரேஷன் என்று ஆனபோது அத்தை கூடவே நின்றதால் நான் தயங்கினேன். தங்கச்சியே டாக்டரிடம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஊசி போட்டே குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ரத்தம் பார்க்கலாம் என்று அங்கே சொன்னதை அத்தை கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். இன்றுவரை பார்க்கவில்லை.

போன மாசம் அத்தை திருத்தங்கலுக்கு வந்தாள். தனியாக எங்கள் வீட்டுக்கு வருகிறவள் இல்லை. பித்தப்பையில் கல், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். காபியைக் குடித்து முடித்து, வீட்டுக்காரர் கம்பெனிக்குக் கிளம்புகிற வரை காத்திருந்தாள்.

"அந்த ஊசி பேரு என்னா தாயி?"

சக்சினைல்கோலின் என்றேன். சொல்லிப் பார்த்தாள், பாதியில் நாக்கு புரண்டது. திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். பேர் முக்கியமில்லை, எங்கள் குடும்பத்துக்கு இப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும், அவர்களே பரிசோதித்துக்கொள்வார்கள் என்றேன்.

"குடும்பத்துக்குன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஒத்துக்கலன்னு சொல்லிக்கிறேன்."

பெயரை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். கேட்டுக்கு வெளியே டிரைவர் நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.