ஒரு பக்கம் முடியும்வரை

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நட்டவர்கள்தான் அறுப்பார்கள். ஒரு வயலில் நடவுக்கு இறங்கியவளுக்கு அதே வயலின் அறுப்பில் இடம் உண்டு. அந்தக் கூலி நெல்தான் வீட்டில் உலை கொதிக்க வைக்கும். நடவை விட்டு ஒருத்தியை நிறுத்தினால் அறுப்பை விட்டும் நிறுத்தியதாகிவிடும்.

அப்போது ஆட்சிக்கு வந்தவர்கள் எங்கள் குடிசை மனைக்கெல்லாம் பட்டா கொடுத்திருந்தார்கள். அதனால் பண்ணையால் எங்களை வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. வயலை விட்டுக் கிளப்பலாம். அதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்த மகராசி நான்தான்.

பண்ணையாரின் மகன் மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். சின்னையா என்போம். அந்தக் குறுவை நடவுக்கு அவர்தான் மேற்பார்வை. மோட்டார் கொட்டகையில் ரெக்கார்டு பெட்டியை வைத்து, கூரை மேல் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, இங்கிலீஷ் பாட்டுப் போட்டார். இசைத்தட்டின் உறையில் தோள் வரைக்கும் முடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரன், சட்டைப் பொத்தானெல்லாம் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்ன சின்னையா, இவருக்குப் பல்லு வலியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இவரு ஒவ்வொரு பாட்டா சின்னச் சின்னத் தட்டுல போட்டு வித்தவரு. அதுல எதெல்லாம் நல்லா ஓடுச்சோ அதையெல்லாம் சேத்து இந்தப் பெரிய தட்டுல போட்டிருக்காங்க. ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு."

"ஏழுதானா? ஏழும் முடியற வரைக்கும் நாங்க இடுப்ப நிமுத்தாம நடுவோம். அவரு மூச்சு வாங்குவாரு, நாங்க வாங்க மாட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். நாலு பேர் சிரித்தால் நான் சோறு தண்ணி மறந்துவிடுவேன்.

மறுநாள் காலை அதுவே சட்டமாகிவிட்டது. பக்கம் முடியும்வரை யாரும் நிமிரக் கூடாது, கரையேறக் கூடாது. நிமிர்ந்தவள் அடுத்த நாள் வரவேண்டாம். "ஒன் வாயில மண்ணப் போட" என்று பக்கத்தில் நட்டவர்கள் எல்லாம் என்னை வைதார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருமுன் கிர்ரென்று ஒரு சின்ன இடைவெளி விழும். அதில் இடுப்பை லேசாக ஆட்டிக்கொள்வோம். எங்களுக்கு அந்தப் பாட்டுக்காரரிடம் பிடித்தது அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரரின் தங்கை எனக்கு அடுத்த வரிசையில் நட்டாள். நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. பூவரச மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு இறங்குவாள். குழாய் அலறும்போது பிள்ளை அழுதால் கேட்காது. பக்கம் முடிந்ததும் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

நாலாம் நாள் சின்னையா தட்டைச் சுழலவிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் கீழ்வேளூர் போனார். வேலையைப் பார்த்துக்கொள்ள நின்ற பண்ணைக் காரியக்காரர் டீ குடிக்க ரோட்டுக்குப் போனார். ஐந்தாவது பாட்டில் முள் மாட்டிக்கொண்டது. பாட்டுக்காரன் சொன்ன அதே அரை வார்த்தையையே திரும்பத் திரும்பக் கத்தினான். பாட்டு முடிந்தால்தானே பக்கம் முடியும்? யாரும் நிமிரவில்லை. கொட்டகை இருபது தப்படி தூரம்தான். அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். நாங்கள் பாட்டுக்கு நட்டுக்கொண்டே இருந்தோம்.

"அண்ணி, பால் கட்டிக்கிச்சு. ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. புள்ள அழுவுதான்னு தெரியலயே."

"கத்துறது வெள்ளக்காரன்தான், ஒம் புள்ள இல்ல. பேசாம நடு."

இதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் நாற்று முடியைப் போட்டுவிட்டுக் கரையேறினாள். தூளியில் செவ்வெறும்பு. பிள்ளையின் கால், தொடை, காதுமடல் எல்லாம் தடித்துக் கிடந்தது. தட்டிவிட்டுத் தூக்கினாள். நேராகக் கொட்டகைக்குள் போய்ச் சேற்றுக் கையால் முள்ளைப் பிடுங்கினாள். தட்டு கீறிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அந்தப் பிள்ளையின் அழுகை எங்கள் காதில் விழுந்தது. அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தது.

சின்னையா திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு, மேலே காய்ந்த சேறு.

"யாரு தொட்டது? சொல்லலன்னா நாளைக்கு லாரியில வெளியாளு வரும். நடவும் அவங்க, அறுப்பும் அவங்க."

பதினெட்டுப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி என்னையே பார்த்தாள். நான்தான் எப்போதும் பேசுகிறவள்.

"பாட்டுக்காரருக்குத் தொண்ட அடச்சுக்கிச்சு சின்னையா. எங்க நாத்தனா போயி முதுகுல தட்டிவிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னையாவும் சிரித்தார். சிரித்து முடித்து அவள் பக்கம் திரும்பி, "நீ நாளையிலேருந்து வரவேணாம்" என்றார்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு போனாள். நாங்கள் மிச்ச நாற்றை நட்டு முடித்தோம். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் வந்து விசாரித்தபோது, அவளாகத்தான் கரையேறினாள் என்றோம். பொய்யில்லை.

அறுப்பு வந்தது. அறுத்துக் கட்டுக் கட்டிய வயலில், உதிர்ந்த கதிரை யாரும் பொறுக்கலாம். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிழவிகளோடு கிழவியாகப் பொறுக்க வந்தாள். நான் முன்னும் பின்னும் பார்த்து, அவள் வரும் வழியில் நல்ல கதிராக ஒரு பிடியை நழுவவிட்டேன்.

குனிந்து எடுத்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணி, ஒங்க கதிர் விழுந்துடுச்சு. பாத்து அறுங்க. சின்னையா கண்டா ஒங்களுக்கும் பாட்டுப் போட்டுருவாரு."

பிடியை என் கட்டின் மேல் செருகிவிட்டுப் போனாள். வயலே சிரித்தது. முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு நடந்தேன்.