கோட்டை காத்தவரைக் கோட்டைக்குக் கூட்டிப்போன சனிக்கிழமை

ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். ஊரெல்லாம் கோட்டை என்று சொல்லும் காசா லோமாவுக்குள் ஒருமுறைகூட நான் கால் வைத்ததில்லை. எங்கள் ஆட்களின் கலியாண அல்பங்களில் அதன் வாசலையும் தோட்டத்தையும் பார்த்துப் பார்த்தே போய்வந்த மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஒருவழியாகப் போனேன். காரணம் குணம் அண்ணை. என் சகலன், அதாவது மனைவி சாந்தியின் அக்காவைக் கட்டியவர்.

அவர் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில். அந்த ஊர்க் குன்றின்மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். அகதியாகப் போனவர், அங்கே கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு காட்சியறைக் காவலரானார். மொத்தம் இருபத்தேழு வருடம். போன வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றார்.

இப்போது அக்காவும் அவரும் ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில் மகள் வினோவோடு நிற்கிறார்கள். வினோவுக்குத் தை மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. அப்பாவும் அம்மாவும் இங்கேயே வந்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அக்காவுக்குச் சம்மதம். சாந்திக்கோ அக்காவைத் திரும்ப விமானம் ஏற்றிவிடுவதை நினைத்தாலே கண் கலங்குகிறது. முப்பது வருடமாகத் தொலைபேசியிலேயே கழிந்த உறவு. மசியாதவர் இவர் ஒருவர்தான். "நான் இஞ்ச வந்து என்ன செய்யிறது? யன்னலுக்குள்ளால ஸ்னோ கொட்டுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்பார்.

திரும்பிப் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நயாகரா காட்டினோம், கோயில்கள் காட்டினோம். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே பதில். மகள் வீடு எங்கே என்று யாராவது கேட்டால், "வடக்க எங்கயோ, மருமகன் காரில கொண்டுபோய் விடுவார்" என்பார். வந்து ஒரு மாதமாகியும் முகவரி தெரியாது. அப்பாவின் மனம் இங்கே ஒட்டவேயில்லை என்று வினோ என்னிடம் போனில் அழாக்குறையாகச் சொன்னாள். கோட்டைக்காரருக்குக் கோட்டையையே காட்டுவோம் என்று என் மூளை வேலை செய்தது. பெரிய கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

முதல்நாள் அவர்கள் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலை ஒன்பதுக்கே வெளிக்கிட நினைத்தேன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம் என்று அக்கா செருப்பைக்கூடப் போட விடவில்லை. 10:35க்குப் படியிறங்கினோம், நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் மட்டும். கையில் பன்னிரண்டு மீன் கட்லெட் கொண்ட ஒரு பை. குணம் அண்ணை கருநீலக் கோட், சாம்பல் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து. கோட்டைக்குப் போகிறவர் அப்படித்தான் போவாராம். நான் ஓடுகிற சப்பாத்தும் ஹூடியும்.

போகிறவர்களுக்கு வழி: பஸ்ஸில் கெனடி ஸ்ரேசன், 22 நிமிடம். அங்கிருந்து மேற்கே போகிற சப்வேயில் சென் ஜோர்ஜ், அரை மணித்தியாலம். அங்கே மாறி இரண்டாவது ஸ்ரேசன் டுப்பொண்ட். வளர்ந்தவர் ஒருவருக்கு 3 டொலர் 30 சதம்; கார்ட்டைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு அதே காசு. டுப்பொண்டிலிருந்து பத்து நிமிட நடை, பிறகு குன்றில் ஏறும் 110 படிகள். ஐம்பதாவது படியில் நான் காட்சியை ரசிப்பதுபோல நின்று மூச்சு வாங்கினேன். அறுபத்தாறு வயது மனிசன் ஏறிப்போய் மேலே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்லெட்டை உள்ளே கொண்டுபோகலாம், பைக்குள் வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு துணிக்கை விழுந்தால் எலி வரும், எலி வந்தால் திரைச்சீலை போய்விடும் என்று ஆரம்பித்தார். படி முடிகிற இடத்தில் நின்றபடியே ஆளுக்கு ஆறு கட்லெட் தின்று முடித்தோம். எனக்கு அதற்குப் பிறகு நடக்கவே ஏலாமல் போனது.

கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உது கோட்டை இல்லை. கோட்டை வேசம் போட்ட வீடு" என்றார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். ரிக்கற் வரியோடு எனக்கு 45 டொலர் 20 சதம், அவருக்கு 39 டொலர் 55 சதம்.

அவர் சொன்னதும் பிழையில்லை. நூறு வருடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெரும் பணக்காரர் ஆசைக்குக் கட்டிய மாளிகை இது. 98 அறைகள். பத்து வருடம்கூட முழுதாக இருக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார். சேர்த்த ஓவியங்களும் தளபாடங்களும் ஏலத்தில் போயின. இன்று பார்ப்பதில் பலதும் பிறகு தேடி வைத்தவை. நான் பலகைகளில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு போனேன். அவர் அறைக்கு அறை மூலையில் போய் நின்றார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், கண் பொருட்களில் இல்லை, ஆட்களின் கைகளில். ஒரு சீனப் பெண்மணி வந்து கழிவறை எங்கே என்று அவரிடம் கேட்டார். ஒரு நிமிடம் முன்னால் கடந்து வந்ததைக் கவனித்திருந்தவர், சரியாக வழி காட்டினார்.

பெரிய மண்டபத்தில்தான் அந்த விசயம் நடந்தது. ஸ்காபரோவிலிருந்து தமிழ் முதியோர் சங்கம் ஒன்று பஸ் பிடித்து வந்திருந்தது. பதினாலு பேர், பெரும்பாலும் பெண்கள். அதில் ஒரு அம்மா, படம் எடுப்பதற்காகத் தன் கைப்பையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற இரும்புக் கவசத்தின் கையில் கொழுவினார். எங்கள் வீடுகளில் கதவுப்பிடியில் பை கொழுவுகிற அதே சுபாவம்.

குணம் அண்ணை மூன்று எட்டில் அங்கே நின்றார். "அக்கா, உதில பையைக் கொழுவாதேங்கோ. இரும்பெண்டாலும் வயசான ஆள்."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு, அவருடைய கோட், சப்பாத்து எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி, இஞ்ச தமிழ் ஆளும் வைச்சிருக்கினம், வாங்கோ வாங்கோ என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர், இந்த இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மனிசன் எப்படிக் குனிவான் என்று கேட்டுவிட்டார். குணம் அண்ணை பதில் சொல்லத் தொடங்கினார்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அவர் நிறுத்தவில்லை. முழங்கைத் தகடு எப்படி மடியும், ஆணி எதற்கு உள்பக்கம் தட்டப்பட்டிருக்கும், உடுத்திவிட எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். விரலால் காட்டினாரே தவிரத் தொடவில்லை. செதுக்கிய மரச்சுவர் அறையில், மரம் இன்றைக்கும் மூச்சு விடுகிறது, ஈரக்கோட்டோடு அதில் சாய்ந்தால் அதற்குச் சளி பிடிக்கும் என்றார். சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். வட்ட அறையின் கதவு சுவரோடு சேர்ந்து வளைந்திருப்பதை அவர் காட்டும்வரை நான் கவனிக்கவே இல்லை.

உங்களுக்கு எது விருப்பமான பொருள் என்று அந்தப் பைக்கார அம்மா கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜெர்மனியில் தன் கோட்டையில் இருக்கும் மரத்தால் செய்த மேரி மாதாவைப் பற்றிச் சொன்னார். பிள்ளையின் இரண்டு விரல் உடைந்த சிலை. காலையில் திறந்ததும் முதலில் அங்கேதான் போவாராம்.

"அவவும் அந்தக் கோட்டையில பிறந்தவ இல்லை. எங்கயோ ஒரு சின்னத் தேவாலயம் இடிஞ்சு, அங்கயிருந்து கொண்டுவந்து வைச்சது. இப்ப அவவைப் பாக்கத்தான் சனம் வருது" என்றார். "கடைசி நாள் முதல்ல அவவுக்குத்தான் போயிட்டு வாறன் எண்டு சொன்னனான்." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பஸ் வந்துவிட்டது என்று சங்கத்தார் புறப்பட்டார்கள். வாற மாதம் மற்றப் பிரிவு வருது, நீங்கள் எந்த நாளில் நிப்பீங்கள் என்று அந்த அம்மா கேட்டார். தான் வேலையாள் இல்லை என்று இப்போதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். "சனிக்கிழமையெண்டால் நல்லம்" என்றார்.

பிறகு நிலத்தடிச் சுரங்கம் வழியாக ஏறக்குறைய 240 மீற்றர் நடந்து குதிரை லாயம் பார்த்தோம். குதிரைகளின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலை திறந்தவுடன் போனால் நெரிசல் குறைவு. ராகுகாலம் பார்க்கிற வீடென்றால் ஞாயிறு நல்லது, அன்றைக்குப் பின்னேரம்தான் வரும். நல்ல சப்பாத்துப் போடுங்கள், கோபுரப் படி ஒடுக்கம். சாப்பாட்டை வெளியிலேயே முடியுங்கள். கைப்பையைக் கையிலேயே வைத்திருங்கள்.

இரண்டு முறைக்கு மேல் போகிறவராக இருந்தால் வருடப் பாஸ் எடுப்பது இலாபம். அன்றைய ரிக்கற் காசைக் கழித்துக்கொண்டு தருவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வெளியேறும்போது குணம் அண்ணை தன் ஜெர்மன் வாசம் வீசும் ஆங்கிலத்தில் கவுண்டரில் கேட்டுத்தான் அறிந்தேன். பத்து நாளில் போகிற மனிசனுக்கு எதற்கு வருடப் பாஸ் என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பாஸுக்கு முகவரி வேண்டும். கவுண்டரில் நின்ற பிள்ளை கேட்டதும், வினோவுக்குப் போன் போட நான் பொக்கற்றில் கை வைத்தேன். அதற்கு முன்பே அவர் நிமிர்ந்து நின்று சொல்லத் தொடங்கிவிட்டார்: யூனியன்வில் வீட்டு இலக்கம், வீதியின் பெயர், போஸ்ரல் கோட்டின் ஆறு எழுத்தும், ஒன்றும் தடக்காமல்.