மக்களவையில் என் வாய்க் கிராம்பு

எங்கள் தொகுதி எம்.பி. ஒரு பெண். என் வீட்டுக்காரரோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். படித்தவர் என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும். எனக்கு வரவில்லை. வராது என்றால் வராது, விடுங்கள்.

படிப்பு முடிந்ததும் அவள் வக்கீலாகி, கட்சியில் சேர்ந்து, டில்லிக்குப் போய்விட்டாள். இவர் ஊருக்கு வெளியே ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தார். தோல் பதனிடுகிற டேனரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சைத் தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற இடத்தில் ஆரம்பித்து, இப்போது தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலைக்கு வந்திருக்கிறார். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை.

அவளுக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பாராளுமன்றக் கூட்டத்தொடர் வந்தால் என் வீட்டில் ஃபோன் அடிக்கும். இறக்குமதி வரி பற்றிப் பேச வேண்டும், பாலாற்றில் விடுகிற கழிவுநீர் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும், ஆம்பூரில் ஒரு ரயிலை நிறுத்தச் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் இவர்தான். நான் கூப்பிட்டால் மூன்று தடவை அடித்தும் எடுக்காத மனுஷன், அவள் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். "சொல்லும்மா" என்பார். அந்த 'ம்மா'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு "இன்னாடி", அவளுக்கு "சொல்லும்மா".

இன்னொரு கூத்தும் உண்டு. அவள் பேசுகிற அன்றைக்கு, டி.வி. முன்னால் உட்காருவதற்குச் சட்டை போட்டுக்கொள்வார். சாதாரணமாக வீட்டில் பனியனோடு திரிகிற ஆள்.

"இன்னாய்யா, அவங்க அங்கருந்து உன்ன பாக்கப் போறாங்களா?" என்றேன் ஒருநாள்.

"சபை நடக்குதுடி. ஒரு மரியாதை வேணாம்?"

டி.வி.யில் அவள் எழுந்து நின்றாள். பட்டுப்போல் ஒரு கைத்தறிச் சேலை, காதில் மொழிபெயர்ப்புக் கருவி. தமிழில்தான் பேசினாள், அதை ஒப்புக்கொள்கிறேன். நன்றாகவும் பேசினாள், அதுதான் இன்னும் எரிச்சல். பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்ததென்று சபாநாயகர் மணி அடித்துவிட்டார். இவருக்கு வந்ததே கோபம்! "பேச விட மாட்றாம்பாரு, ஒரு பொம்பளய" என்று நாற்காலியைத் தட்டினார். அதே மனுஷன்தான், நான் அடுப்படியிலிருந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டுவார். அவளையாவது மணி அடித்து நிறுத்துகிறார்கள்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கிராம்பு விவகாரம் வந்தது.

தொழிற்சாலைப் பெண்கள் பற்றி ஒரு விவாதம். அதில் பேசுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. முந்தின நாள் இவரிடம் வெகுநேரம் பேசினாள். மறுநாள் சபையில் எழுந்து, எங்கள் தொகுதியில் ஷூ தைக்கிற பெண்கள் நாற்றம் தாங்காமல் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள், அவர்கள் நிலை பரிதாபமானது என்று கண் கலங்கப் பேசிவிட்டாள். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். இவரும் தொடையைத் தட்டினார்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். யாரும் எனக்கு இடம் விடவில்லை. என் லைனில் எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிறவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாக்கா, நாம நாத்தம் புடிச்சவங்கன்னு டில்லி வரைக்கும் சொல்லிட்டாங்களாமே? உங்க வூட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்தாராம்?"

பக்கத்து மிஷின்காரிக்குக் கோபம் வராமல் இருக்குமா? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் ஊர்ப் பெண் என்றாலே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். எங்கள் தையல் ஹாலில் நாற்றமே கிடையாது. ஃபேன் ஓடுகிறது, தரை பளபளவென்று இருக்கிறது. பதப்படுத்தி, சாயம் போட்டு, பாலிஷ் ஏற்றின தோல்தான் எங்கள் கைக்கே வரும். அதில் என்ன நாற்றம்? பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் வட்டமாக உட்காருவோம். அன்றைக்கு வட்டம் என்னை விட்டுவிட்டு உட்கார்ந்தது. பின்னும் தினமும் அப்படியே. ஒரே குழம்பைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள்.

முதல் நாளே வீட்டுக்கு வந்து கேட்டேன். "கிராம்பு எதுக்குன்னு உனுக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? சுண்ணாம்புத் தொட்டில நாங்க வேலை செய்யும்போது எல்லாரும் போடுவோமே. அது இல்லன்னா கொடல் வெளிய வந்துரும்."

"அது உங்க ஷாப்பு. நாங்களும் அதுக்குத்தான் போடுறோமா? என்னக் கேட்டியா?"

"கேக்க இன்னா கீது? பையில கிராம்பு டப்பா, கிட்ட வந்தா கிராம்பு வாசனை. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியுமாம்! ஐயாவுக்குத் தெரியுமாம். காரணத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானாகக் கேட்கட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது. அவள் பெயர். எடுத்தேன்.

"அவர் இல்லீங்களா?" என்றாள்.

"குளிக்கிறார். நான் அவர் சம்சாரம்."

"அக்கா, வணக்கம். அந்தக் கிராம்பு விஷயம் தப்பாயிடுச்சுன்னு ஊர்லேர்ந்து திட்டி ஒரே மெசேஜ். அதான் அவரைக் கேட்கலாம்னு..."

"அவரைக் கேட்டா மறுபடியும் தப்பாத்தான் பேசுவீங்க."

வெடுக்கென்று வந்துவிட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "அப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

சொன்னேன். கிராம்பை அடக்கிக்கொண்டால் வாயில் எச்சில் ஊறும், தாகம் தெரியாது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போவதற்கு லைனுக்கு ஒரே டோக்கன், அது சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போக முடியும். போய் வருவதற்குள் மிஷின் முன்னால் பீஸ் குவிந்துவிடும். அதற்கு ஒரு திட்டு. அதனால் பஸ் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை.

"அப்புறம்?" என்றாள்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வந்தால் டோக்கனை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள், தண்ணீர் கேன் வரிசையாக நிற்கும், அவர்கள் கார் கேட்டைத் தாண்டினதும் டோக்கன் பழையபடி தொங்கும் என்றேன்.

"அப்புறம் அக்கா? உடம்புக்கு எதுவும் வரலையா?"

வந்ததைச் சொன்னேன். அடிவயிற்று வலியைச் சொன்னேன். நீர்க்கடுப்பைச் சொன்னேன். லைனில் யாரும் என்னோடு பேசாததைக்கூடச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு விட நிறுத்தினால் "அப்புறம்?" என்பாள். என் வாழ்க்கையில் என்னை யாரும் இப்படி அப்புறம் அப்புறம் என்று கேட்டதில்லை. பாவி, என்னமாய்க் கேட்கிறாள்! இவர் ஏன் முதல் மணியிலேயே ஓடுகிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் வயிற்றெரிச்சல் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்த சுகத்தை இவர் ஒருவரே அனுபவித்திருக்கிறாரே.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஃபோன் இருந்த இடத்தில் இருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே, அவசர விஷயங்களைப் பேச விடுகிற பூஜ்ய நேரத்தில் அவள் எழுந்தாள். இவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போன முறை இந்த அவையில் நான் சொன்னது தவறு" என்று ஆரம்பித்தாள். கிராம்பு, தாகம், டோக்கன், வெளிநாட்டு ஆட்கள், அடிவயிற்று வலி என்று நான் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். மணி அடித்தது. நிற்காமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் மேஜையைத் தட்டவில்லை.

இவர் முகம் விழுந்துவிட்டது. "இத நான் சொல்லவேயில்லியே" என்றார். "வேற யாரையோ புடிச்சிட்டாங்க போலகீது. யாரா இருக்கும்?"

"நான்தான்."

திரும்பிப் பார்த்தார்.

"நீ பகல் பூரா தண்ணியே குடிக்கிறதில்லயா?"

"இல்ல."

"வயித்த வலின்னு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தபா கூட்டினு போனேனே. சூடுன்னு நெனச்சு எளநியா வாங்கினு வந்தேனே. அப்பக்கூட சொல்லலியே நீ?"

"நீ கேக்கலியே. இதையும் அவங்க சொல்லித்தான் உனுக்குத் தெரியணுமா?"

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். அவள் பேசுகிற அன்றைக்கு அவர் டி.வி.யை அணைத்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் ஃபோன் அடித்தது. பழக்கத்தில் பாய்ந்து எடுத்தவர், "சொல்லும்மா" என்றார். பிறகு பேசாமல் கேட்டுவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார். "உன்னக் கேக்கறாங்க."

வாசல் பக்கம் போய் நின்று பேசினேன். சரியாகச் சொன்னேனா அக்கா என்றாள். லைனில் இனி உங்களோடு பேசுவார்களா என்றாள். அடுத்த வாரம் வேறு ஒரு விஷயம் கேட்க வேண்டும், உங்கள் நம்பரைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். கடைசியில், "அவருக்கு என்மேல வருத்தமா? அவரைத்தான் எப்பவும் கேட்பேன், இந்தத் தடவை கேட்காம விட்டுட்டேன். நான் விசாரிச்சேன்னு கட்டாயம் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே வந்தேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, எங்கேயோ பார்ப்பதுபோல் கேட்டார்.

"என்னப் பத்தி எதனா கேட்டாங்களா?"

"இல்லியே" என்றேன்.