குதிகாலில் மெழுகு

யஹ்யாவுக்குப் பெருமை என்று ஒன்றுதான் இருந்தது. மலாயாவின் மூவார் ஊருக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வேளைத் தொழுகையும் தவறவிட்டதில்லை. காய்ச்சலிலும் தொழுதார், ஆற்றைக் கடக்கும் படகிலும் தொழுதார். தெருவே அதை அறியும். அறியாதவர்களுக்கு அவரே சொல்வார்.

கவலையும் ஒன்றுதான்: கால். கைலி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பம் கம்பமாக, மலாய்க் கிராமங்களெல்லாம் வெறுங்காலில் நடந்து விற்றவர். குதிகால் இரண்டும் விறகுபோல் பிளந்திருந்தன. வெடிப்பில் செம்மண் ஏறி, அடிக்கு அடி உயிர் போயிற்று. மஞ்சள் பூசினார், எண்ணெய் தடவினார். ஒரு நாளைக்கு ஐந்து முறை, தொழுகைக்கு முன் ஒளு எடுக்கக் கை கால் கழுவுகிறவருக்கு எது நிற்கும்?

மனைவி ஆரிஃபாதான் வழி கண்டாள். தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி, கைபொறுக்கும் சூட்டில் வெடிப்புகளில் அடைத்தாள். பத்தே நாளில் விளிம்புகள் கூடிவந்தன. யஹ்யா நொண்டாமல் நடந்தார்.

பதினோராம் நாள் பள்ளிவாசல் தொட்டியடியில் பகல் தொழுகைக்குக் கால் கழுவினார். குதிகாலில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடியதை தொழுகை நடத்தும் லெப்பை ருக்னுதீன் பார்த்துவிட்டார்.

"என்ன யஹ்யா, கால்ல தண்ணியே நிக்கல?"

"மெழுகு வச்சிருக்கேன் லெப்பை. என்ன சொகம்ங்கிறீங்க!"

"தண்ணி தோல்ல படலேன்னா ஒளு எப்படிக் கூடும்? எத்தன நாளா?"

"பத்து நாளா..."

லெப்பை விரல்களை மடக்கினார். "அம்பது வக்துத் தொழுகை. எல்லாத்தையும் திருப்பித் தொழுதுடு. மெழுகு வேணும்னா ஒளு எடுத்தப்புறம் வச்சுக்க. காத்துக் கீத்துப் பிரிஞ்சு ஒளு முறிஞ்சா, மெழுக எடுத்துட்டுத்தான் திரும்பக் கழுவணும்."

யஹ்யா வியாபாரத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினார்.

"உன் வைத்தியத்துல என் தொழுகை போச்சு!"

"அலமாக்! நான் காலத்தானே பாத்தேன்? ஒளு உங்க வேலை," என்றாள் ஆரிஃபா.

யஹ்யா மூங்கில் சிம்பால் மெழுகைத் தோண்டினார். கூடிவந்த தோலும் சேர்ந்து பெயர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கால் கழுவி ஒளு எடுத்தார். அவள் புது மெழுகை அடைத்தாள்.

அன்றைய பகல் தொழுகையைத் தொழுதார். அதே ஒளுவில் ஐம்பதையும் முடித்துவிட வேண்டும். தேநீர்கூட வேண்டாம் என்றுவிட்டுப் பாயில் நின்றார். குதிகால் வலிக்கவில்லை. ஐந்து முடிந்தது. பத்து முடிந்தது. காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கு பதினொன்றில் வயிற்றைப் பிடித்தது. அடக்கிக்கொண்டு பதின்மூன்று வரை வந்துவிட்டார். பதினான்காவதில் நெற்றி பாயைத் தொட்டபோது காற்றுப் பிரிந்தது.

எழுந்து உட்கார்ந்தார்.

"ஆரிஃபா..."

"கேட்டுச்சு," என்றாள் அடுப்படியிலிருந்து. சிரிப்பை அடக்கும் குரல்.

"இன்னும் முப்பத்தேழு இருக்கு புள்ள."

அவள் மூங்கில் சிம்போடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "கால நீட்டுங்க."

யஹ்யா நீட்டினார். மெழுகு அப்போதுதான் நன்றாக இறுகியிருந்தது.